நீ உதட்டால் சொன்னது

எங்கள் வகுப்பறை மேசையின் மேல்தகடு பிய்ந்துகொண்டு வந்ததை ஒட்டுவதற்கு இன்று ஒரு தச்சர் வந்திருந்தார். அவர் பசை டப்பாவைத் திறந்ததுதான் தாமதம், வகுப்பே மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடியது. நான் மட்டும் உள்ளே நின்று அந்த வாசனையை நெஞ்சு நிறைய இழுத்தேன். அஸ்ஸாமிலிருந்து வந்து எங்களோடு படிக்கும் ரிமி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, உனக்கென்ன பைத்தியமா என்று கையாலேயே கேட்டாள். அவளுக்கு என்ன தெரியும்? அது ஆம்பூர் ஷூ கம்பெனி வாசனை. உன் துப்பட்டாவிலும் என் துப்பட்டாவிலும் எத்தனை முறை துவைத்தாலும் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்த வாசனை. அதை இழுத்ததும் உன்னிடம் சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டைவரை வந்துவிட்டது. யாரிடமும் பேச்சுக் கொடுக்காமல் நேராக விடுதி அறைக்கு வந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு சேதி இருக்கிறது. பெரிய சேதி. நீ இருந்தால், "சுத்தி வளைக்காத, விஷயத்துக்கு வா" என்பாய். வர மாட்டேன். இந்த முறை நீ கடைசிவரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஒடுகத்தூரில் விடியும் முன்பே கம்பெனி வண்டி ஏறினால், மாதனூர் தாண்டி ஆம்பூர் போய்ச் சேரும்வரை நான் செய்தி வாசிப்பேன், ஞாபகம் இருக்கிறதா? கைப்பேசியில் வந்த உலகச் செய்தியையெல்லாம் நம் ஊர்ப் பேச்சுக்கு மாற்றி வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வேன். எங்கோ கடலில் சரக்குக் கப்பல்கள் சுற்று வழியில் போகின்றன என்றால் நம் பெண்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நாம் தைத்த ஷூ அந்தக் கப்பலில்தானே போகிறது! எந்தத் தேசத்திலாவது பனி ஜாஸ்தி என்று சொன்னால் உடனே, "அப்போ பூட்ஸு ஆர்டர் வரும், ஓவர்டைம் வரும்" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வரும். நான் தொலைதூரக் கல்வியில் பட்டம் வாங்கிவிட்டு, செக்கிங் மேசையில் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவள். நீ ஸ்டிச்சிங் லைனில் மிஷின் ஓட்டினவள். எனக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவளும் நீதான். "ஏய் ரேடியோ, வால்யூம கம்மி பண்ணு, தூங்கணும்" என்று கண்ணை மூடிக்கொள்வாய். நான் நிறுத்தினால் கண்ணைத் திறக்காமலே, "அந்தக் கப்பலு இன்னா ஆச்சு?" என்று கேட்பாய்.

இந்தப் படிப்பைத் தேடிப் பிடித்தவளும் நீதான். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் உன் கைப்பேசியை என் டிபன் பாக்ஸ் மேலேயே வைத்தாய். வேலூரில் ஒரு பல்கலைக்கழகம், உலகளாவிய ஊடகமும் தொடர்பியலும், முதுகலை, உதவித்தொகை உண்டு என்று ஒரு விளம்பரம்.

"இது இன்னா படிப்புடி?" என்றாய்.

"உலகத்துல சேதி எப்படிப் போவுது, யாரு சொல்றாங்க, யாரு கேக்கறாங்க, அது மாதிரி எதோ."

"படிச்சா இன்னா வேலை?"

"தெர்ல."

"பரவால்ல. தினமும் வண்டியில ஓசியில பண்றத காலேஜுல போயி பண்ணு. பேரு பெருசா இருக்குது, சேந்துடு."

ஒரு படிப்பைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல காரணத்தை என் வகுப்பில் யாரும் இதுவரை சொன்னதில்லை. நான் எல்லாரையும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

அப்புறம் நம் ஹாலில் நாம் பேசின விதம். அதைப் பற்றித்தான் இன்றைய சேதியே. ஹால் நிறைய மிஷின் ஓடும்போது பக்கத்தில் இருப்பவள் பேசினாலே கேட்காது. கேட்கிற மாதிரி பேசினால் சூப்பர்வைசர் வந்து பக்கத்தில் நிற்பார். அதனால் நம் பெண்கள் குரலை அப்படியே விழுங்கிவிட்டு உதட்டை மட்டும் அசைத்துப் பேசினார்கள். புதிதாகச் சேர்ந்தவள் கொஞ்ச நாள் திருதிருவென்று முழிப்பாள், பிறகு அவளுக்கும் படிக்க வந்துவிடும். ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, யார் வீட்டில் என்ன குழம்பு, யாரைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், சூப்பர்வைசருக்கு இன்று ஏன் மூட் சரியில்லை, எல்லாம் சத்தமே இல்லாமல் போய்ச் சேரும். நீ அதில் கில்லாடி. மற்றவர்கள் உதடு டாக்டர் கையெழுத்து மாதிரி இருக்கும். உன்னுடையது அச்சடித்த எழுத்து.

அமிர்திக்குப் போன அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மழை பெய்து அருவி இரைந்துகொண்டிருந்தது. குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் ஒருவரை ஒருவர் கத்திக் கூப்பிட்டு, கேட்காமல் அலுத்துப் போனார்கள். நீ அந்தப் பக்கத்துப் பாறையில், நான் இந்தப் பக்கம். நிதானமாக உதட்டை அசைத்தாய்: "என் செருப்பு போச்சு." எங்கே என்றேன். "தண்ணியில. ஷூ கம்பெனியில வேலை செய்யறவ வெறுங்காலோட வீட்டுக்குப் போறா. இத நாளைக்கு வண்டியில வாசி." பக்கத்தில் நின்ற ஒரு அம்மா நம் இருவருக்கும் வாய் பேச வராது என்று நினைத்து, பாவப்பட்டு ஒரு பொட்டலம் வேர்க்கடலை கொடுத்தார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் நீ உதட்டாலேயே நன்றி சொல்லி வாங்கி மடியில் போட்டுக்கொண்டாய்.

எனக்கு வேலூரில் நேர்முகத் தேர்வு நடந்த அன்றுதான் கம்பெனிக்கு வெளிநாட்டு பிராண்டிலிருந்து படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். வெளிநாட்டு ஆட்கள் வந்தால் நம் கம்பெனி எப்படி மாறும் என்று உனக்குத் தெரியும். எல்லாருக்கும் புது கிளவுஸ், முதலுதவிப் பெட்டியில் புது மருந்து, கேன்டீனில் பிரியாணி. சிரித்த முகம் என்று உன்னைத் தேர்ந்தெடுத்தார்களாம். சவுண்டு எடுக்கவில்லை, முகம் மட்டும்தான், எதையாவது பேசிக்கொண்டே தை என்றார்களாம். சாயங்காலம் நான் வேலூர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நீ ஒடுகத்தூரில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாய்.

"இன்னா ஆச்சு, கெடைச்சுதா?"

"இன்னும் சொல்லல. லிஸ்ட்டு அப்பறமா போடுவாங்களாம். ஷூட்டிங்ல நீ இன்னா பேசின?"

"உன்கிட்டதான் பேசினேன். வீடியோ வரட்டும், நீயே பாத்துக்கோ. மீடியா படிக்கப் போறவதானே?"

எவ்வளவு கெஞ்சியும் சொல்லவில்லை. அவ்வளவு அழுத்தம் உனக்கு!

வீடியோ நம் பக்கம் வரவே இல்லை. அந்தப் படம் அவர்கள் நாட்டில், அவர்கள் கடைகளில் ஓடியிருக்கிறது. அதில் முகம் காட்டினவளுக்கு அதைக் காட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிறகு மழைக்காலம் வந்தது, உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நீ போய்விட்டாய். லிஸ்ட் அதற்கப்புறம் வந்தது. அதில் என் பெயர் இருந்தது. அன்று எனக்கு வந்தது அழுகையில்லை, கோபம். இந்தச் சேதியைச் சொல்ல வேண்டிய ஆளே இல்லாமல் இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கடைசியில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சந்தோஷப்பட்டாள். எனக்குப் பாதிதான் சொன்ன மாதிரி இருந்தது.

ஆனால் படிப்பு இருக்கிறதே, அடேயப்பா! நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் வாத்தியாரையே கேள்வி கேட்டுத் திணறடித்திருப்பாய். உலகத்தின் பாதிப் பத்திரிகைகளில் வரும் போர்ச் செய்தி எங்கிருந்து கிளம்புகிறது, நடுவில் எத்தனை கை மாறுகிறது என்று ஒரு வாரம் முழுக்கப் படித்தோம். ஒரு நாட்டு சீரியல் இன்னொரு நாட்டில் ஏன் ஓடுகிறது, நம் கைப்பேசி நமக்கு எதைக் காட்டலாம் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்று இன்னொரு வாரம். சேதி எப்போதும் பணக்கார தேசத்திலிருந்து ஏழை தேசத்துக்கே பாய்கிறது, திரும்பிப் பாய்வது ரொம்பக் கம்மி என்று ஒரு பாடம். அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் வண்டியில் அது தினமும் நடந்ததுதானே? அவர்கள் ஊர்ப் பனி நமக்குத் தெரியும், நம் ஊர் மழை அவர்களுக்குத் தெரியாது. நாம் செய்துகொண்டிருந்ததற்கெல்லாம் இங்கே ஒரு பெயர் இருக்கிறது. ஒவ்வொரு பெயரையும் கேட்கும்போது உன்னிடம் ஓடி வந்து சொல்ல வேண்டும் போல் கால் பரபரக்கும்.

போன வாரம் எங்கள் பேராசிரியை, பிராண்டுகள் தங்கள் தொழிலாளர்களை எப்படிக் காட்டுகின்றன என்று பாடம் எடுத்தார். ஒடிசாக்காரர், தமிழில் 'சாப்பிட்டாச்சா' மட்டும் தெரியும். உதாரணத்துக்கு ஒரு விளம்பரப் படத்தைப் போட்டார். பனி விழுகிற தெரு, நடக்கிற கால்கள், பிறகு ஒரு தையல் மிஷின், அதற்கு மேலே உன் முகம்.

பின்னணியில் பியானோ. ஒரு ஆண்குரல் ஆங்கிலத்தில், அவள் ஒவ்வொரு தையலிலும் தன் இதயத்தை வைக்கிறாள், தன் கனவை உங்கள் காலடிக்கு அனுப்புகிறாள் என்று உருகிக்கொண்டிருந்தது. நீ கேமராவைப் பார்த்து, அச்சடித்த மாதிரி உதட்டை அசைத்தாய்.

"ஏய் ரேடியோ. இன்னிக்கி கேன்டீன்ல பிரியாணி. நீ பாத்து லீவு போட்ட பாரு. இந்த கிளவுஸ் காலையிலதான் குடுத்தாங்க. சாயந்தரம் திருப்பி வாங்கிக்குவாங்க."

அந்த இடத்தில் பேராசிரியை படத்தை நிறுத்தினார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நிறுத்தவே முடியவில்லை, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, சிரிக்கிறேன். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முதல் செமஸ்டர் முழுக்கப் பாட நேரத்தில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தவள் நான். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நம் ஹால், உதட்டுப் பேச்சு, கிளவுஸ், பிரியாணி, நீ. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். என் ஆய்வு இதுதான், நம் பெண்களின் சத்தமில்லாத பேச்சுதான் என் தலைப்பு என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அதுவரை தலைப்புக் கிடைக்காமல் எவ்வளவு பேஜார் தெரியுமா?

வகுப்பு முடிந்ததும் பேராசிரியை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ரொம்ப நல்லவர், ஆனால் விடமாட்டார். அவள் இதைத்தான் சொன்னாள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். "நீ அவளுடைய தோழி. அவளை இழந்தவள். பார்க்க ஆசைப்பட்டதை நீ பார்த்திருக்கலாம்."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனதுக்குள் அவரோடு சண்டை போட்டேன். விடுதிக்கு வந்து படுத்த பிறகு எனக்கே பயம் வந்துவிட்டது. நிஜமாகவே அப்படி இருந்தால்? நீ அங்கே வெறுமனே ஏதோ முணுமுணுத்திருந்து, நான்தான் அதற்கு வார்த்தை போட்டேன் என்றால்? தலைப்பு போனால் போகிறது. நீ எனக்குச் சொன்னது என்று நான் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பது, நானே எனக்குச் சொல்லிக்கொண்டதாகிவிடுமே!

பேராசிரியை ஒரு வழி சொல்லியிருந்தார். அந்தப் பேச்சைப் படிக்கத் தெரிந்தவர்களிடம் தனித்தனியாகக் காட்ட வேண்டும். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழக் கூடாது. எல்லாரும் ஒரே மாதிரி படித்தால் தலைப்பு எனக்கு, இல்லையென்றால் வேறு பார்த்துக்கொள்ளலாம். வகுப்பில் பார்த்தது பாதிதான், உன் முகம் அதற்குப் பிறகும் கொஞ்சம் ஓடுகிறது. அந்த மிச்சத்தை நான் முதலில் பார்க்கவே கூடாது, பார்த்தால் மற்றவர்களை அறியாமலே இழுத்துவிடுவேன் என்றார். எனக்கா அந்தப் பொறுமை? அதனால் வீடியோவை ரிமியின் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தார். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனவே யாரையும் இழுக்க முடியாது. நான் அவளிடம் இரண்டு முறை கெஞ்சினேன், ஒருமுறை லஞ்சமாக ஆம்பூர் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள், பாவி.

சனிக்கிழமை விடிவதற்குள் ரிமியோடு ஒடுகத்தூர் போய் நம் வண்டிக்கு நின்றேன். டிரைவர் அண்ணன் பார்த்தும் பார்க்காத மாதிரி எங்களை ஏற்றிக்கொண்டார். "ரேடியோ வந்துட்டுதுடி!" என்று வண்டியே கத்தியது. ஆளுக்கொரு கேள்வி. நீ என்ன பேசினாய் என்பதை மட்டும் மறைத்து, உன் வீடியோ கிடைத்த விஷயத்தைச் சொன்னதும் எல்லாருக்கும் உன்னைப் பார்க்க வேண்டும், இப்போதே பார்க்க வேண்டும். தனித்தனியாகத்தான், முடியும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது, ஒலி பதிவாகிறது என்று சொல்லிச் சமாளிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ரிமி முன்சீட்டில் உட்கார்ந்தாள். என்னைக் கடைசி சீட்டில் உட்கார வைத்து, எட்டிப் பார்க்கக் கூடாது என்றும் உத்தரவு போட்டாள்.

முதலில் எஸ்தர் அக்கா போனார். பிறகு நீ போன பின்பு உன் மிஷினில் உட்காருகிற புதுப்பெண். அவள் உன்னைப் பார்த்ததே இல்லை, அதனால் அவள் படிப்பது முக்கியம். கடைசியாக, உன் லைனில் உனக்கு எதிரே உட்கார்ந்திருந்த கோமதி அக்கா. ஒவ்வொருவரும் பார்த்துவிட்டு ரிமி நீட்டின கைப்பேசியில் வாயை வைத்துக் குசுகுசுவென்று சொன்னார்கள். எனக்கு அவர்கள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. எஸ்தர் அக்கா முதுகு குலுங்கியது. சிரிக்கிறாரா, அழுகிறாரா? புதுப்பெண் எதையோ சொல்லிவிட்டு, மறுபடி போடச் சொல்லிப் பார்த்தாள். மாதனூர் தாண்டிவிட்டது. என் நகத்தையெல்லாம் கடித்துத் தீர்த்துவிட்டேன்.

கோமதி அக்கா சொல்லி முடித்துவிட்டு எழுந்து திரும்பினார். ரிமி பதிவை இன்னும் நிறுத்தவில்லை, வண்டியில் ஒரு சத்தமில்லை. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே என்னைப் பார்த்தார். ஹாலில் எதிர் லைனிலிருந்து பேசுவாரே, அதே மாதிரி உதட்டை அசைத்தார்.

"பிரியாணிய தின்னுட்டு கிளவுஸ திருப்பிக் குடுத்தாளாம்." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, மிச்சத்தையும் சொன்னார். "சீட்டு கெடைச்சா மொதல்ல என்கிட்ட சொல்லு ரேடியோ. உங்க அம்மாகிட்ட அப்பறமா சொல்லிக்கலாம்."

எஸ்தர் அக்கா திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். புதுப்பெண்ணும் ஆட்டினாள். ரிமி ஓடி வந்து கைப்பேசியை என் கையில் கொடுத்தாள். உன்னைப் பார்த்தேன். கேமராக்காரன் சிரிக்கச் சொல்லியிருப்பான் போல, சிரித்துக்கொண்டே அதைச் சொல்கிறாய். ஒரு எழுத்து பிசகில்லை. அந்த ஆண்குரல் உன் கனவைப் பற்றி ஏதேதோ சொல்லிக்கொண்டு போக, நீ உன் பாட்டுக்கு என்னிடம் பேசியிருக்கிறாய். பனி விழுகிற ஏதோ ஒரு ஊரில், எத்தனையோ பேர் பார்த்த படத்தில், எனக்கென்று மட்டும் ஒரு சேதி! நான் ஆம்பூர் வரும்வரை அழுதேன். அது துக்கத்தில் வந்த அழுகை மட்டும் இல்லை. நான் கற்பனை செய்யவில்லை, நீதான் சொன்னாய், நிஜமாகவே சொன்னாய் என்ற சந்தோஷமும்தான். வண்டியே என்னோடு சேர்ந்து அழுதது. ஒன்றும் புரியாமலே ரிமியும் அழுதாள்.

இன்று காலை பேராசிரியை பதிவுகளை மொழிபெயர்ப்போடு வைத்துக் கேட்டார். சில வார்த்தைகள் முன்னே பின்னே இருந்தாலும் சாரம் ஒன்றுதான். கடைசி வரியைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தலைப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆய்வு முடியும்போது அந்தப் படத்தில் உன் வார்த்தைகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அடியில் போட்டு, எடுத்தவர்களுக்கே அனுப்பலாம் என்றார். நம் பக்கத்துச் சேதி அவர்கள் பக்கம் திரும்பிப் பாயட்டுமே! வகுப்புக்குத் திரும்பியதும்தான் அந்தத் தச்சர் டப்பாவைத் திறந்தார்.

உன் குரல் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வந்தது. அதற்காக உள்ளுக்குள் பயந்துகொண்டே இருந்தேன். இனி பயமில்லை. நீ என்னிடம் முக்கியமாகப் பேசினதெல்லாம் குரல் இல்லாமல்தானே! உன் உதடு எனக்கு அப்படியே இருக்கிறது. நன்றாக ஒரு பாடம் நடந்தால் இப்போதும் இடப்பக்கம் திரும்பி, சத்தமில்லாமல் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் குறிப்பு எடுக்கிறேன்.

சீட்டு விஷயத்தில் நீ கேட்டது எனக்குத் தெரியாமல் போய்விட்டது, அம்மா முந்திக்கொண்டாள். இந்தத் தடவை அப்படி இல்லை. தலைப்பு கெடைச்சுதுடி. அம்மாவிடம் இனிமேல்தான் சொல்ல வேண்டும்.